தொட்டியில் திடீர் நத்தைகள், ஓட்டின் நுனி வெளுத்துப் போகிறது. என்ன செய்வது?

கேள்வி: 40 லிட்டர் மீன் தொட்டி, 6 கப்பி மீன். முழுக்க ஆர்.ஓ. தண்ணீர். வல்லிஸ்னேரியா என்ற நீர்ச்செடி நட்டு மூன்று வாரத்தில் கண்ணாடி முழுக்கச் சின்ன நத்தைகள். பெரியதே 1 செ.மீ.தான். ஓட்டு நுனி வெள்ளையாக அரித்திருக்கிறது. செடியைத் தின்னுமா? நத்தை மருந்து ஊற்றலாமா?

பதில் 1: மருந்து வேண்டாம் சகோ. பல மருந்துகளில் தாமிரம் இருக்கும். நத்தைகள் மொத்தமாகச் செத்து அழுகினால் அம்மோனியா ஏறும், கப்பியும் போய்விடும்.

முதலில் எந்த நத்தை என்று பாருங்கள். கடையில் எல்லாமே ‘பாண்ட் ஸ்நெயில்’ (குளத்து நத்தை)தான்! ஓட்டின் கூர்முனை மேலே, அதன் வாய் (திறப்பு) உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம், கொம்பு நூல் போல என்றால் ப்ளாடர் ஸ்நெயில். வாய் வலப்பக்கம், கொம்பு பட்டையான முக்கோணம் என்றால் லிம்னியா. அது இளந்தளிரைக் கடிக்கும்.

கேள்வி கேட்டவர்: வாய் இடப்பக்கம். கொம்பு நூல் மாதிரி.

பதில் 1: அப்போ ப்ளாடர். பாசி, அழுகின இலை, மிச்சத் தீனிதான் சாப்பாடு. நல்ல இலையைத் தொடாது. ஒற்றை நத்தையே முட்டையிட்டுப் பெருகும் என்பதால் பொறுக்கித் தீராது. தீனியைக் குறையுங்கள்: இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். இரவில் வேகவைத்த வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் மொய்த்த நத்தையோடு எடுத்துவிடுங்கள். ஏரி, வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

பதில் 2: வெளுப்புக்குக் காரணம் ஆர்.ஓ. தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை, கே.எச். (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம். கழிவு மக்கும்போது வரும் அமிலத்தைத் தடுக்க எதுவும் இல்லாததால் பி.எச். இறங்கி, அதாவது தண்ணீர் அமிலமாகி, ஓட்டைக் கரைக்கிறது. கப்பிக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது.

வாரம் 10 லிட்டர் மாற்றும்போது பாதி ஆர்.ஓ., பாதி போர் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். உப்புக்கரிக்கும் போர் என்றால் வேண்டாம். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கட்டைவிரல் அளவு கணவாய் மீன் ஓட்டுத் துண்டை ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள். முதலில் மிதக்கும், ஊறியதும் அமிழும். டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருப்பதை மொத்தமாகக் காட்டும் கருவி) நம்பிச் சுண்ணாம்புச் சத்தை அளக்காதீர்கள், உப்புக்கும் எண் ஏறும். ஜி.எச். (கால்சியம், மக்னீசியம் அளவு), கே.எச். சொட்டு டெஸ்ட் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: அரித்த நுனி திரும்ப வளருமா?

பதில் 2: வளராது. ஓடு வளர்வது வாய் விளிம்பில் மட்டும். அங்கே புதிதாக வரும் பட்டை வழுவழுப்பாக இருந்தால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.