பழவேற்காட்டில் பூநாரை படங்கள் கூர்மையா வரல, லென்ஸ் பிரச்சினையா? பொங்கல் லீவு திட்டமும் பார்த்துச் சொல்லுங்க

கேள்வி
வணக்கம். சென்னையிலிருந்து ரெண்டு நாள் கடலோரப் பயணம். முதல் நாள் பழவேற்காடு. காணும் பொங்கல் அன்னைக்கு முட்டுக்காடு, கோவளம், சாயங்காலம் மாமல்லபுரத்தில் அலைக்காட்சி. கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 150-600 டெலி லென்ஸ், 10-24 அகலக் கோண லென்ஸ், முக்காலி கைவசம். போன மாசம் பழவேற்காட்டில் காலை 9லிருந்து 11 வரை எடுத்த பூநாரை அத்தனையும் கொழகொழன்னு இருக்கு. 600 மி.மீ., துளை எஃப் 8, ஷட்டர் 1/2000 வினாடி, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 400. எனக்குப் பக்கத்தில் நின்ன கொக்கு மட்டும் இறகு இறகா தெரியுது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

பதில் 1
கொடுக்காதீங்க. கொக்கு கூர்மையா வந்திருக்குன்னா லென்ஸும் ஃபோகஸும் நல்லாத்தான் இருக்கு. இது கானல். வெயில் ஏறினதும் சேறும் மணலும் சூடாகி, மேல இருக்கிற காற்று நெளியும். 200 மீட்டர் காற்றைத் தாண்டி வர்ற உருவம் கலைஞ்சுதான் வரும். அதை ஷட்டர் வேகம் சரிசெய்யாது. களத்திலேயே சோதிக்கலாம்: லைவ் வியூவில் (கேமராத் திரையில்) 10 மடங்கு பெரிசாக்கி பூநாரைக் காலைப் பாருங்க. கால் பாம்பு மாதிரி நெளிஞ்சா பறவைப் படத்தை நிறுத்திட்டு அகலக் கோணத்துக்கு மாறிடுங்க.

ஜனவரி நடுவில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.35. ஆறேகாலுக்கு இடத்தில் இருங்க, எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க. பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் நின்னு ஏரியைப் பார்த்தா வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும். பூநாரை தலையைக் கவுத்து மேயுற வரைக்கும் மெல்ல நகரலாம். எல்லாத் தலையும் ஒருசேர நிமிர்ந்தா அங்கேயே நில்லுங்க. இன்னும் ஒரு அடி வச்சா கூட்டமே கிளம்பிடும், அதுங்க இரை தேடுறதும் கெட்டுப்போகும்.

படகு ஆசை வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்னைக்கு அங்கே படகு கவிழ்ந்து 22 உயிர் போச்சு.

பதில் 2
காணும் பொங்கலுக்கு ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கமே போகாதீங்க சார். மாமல்லபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேற நாளுக்கு மாத்திடுங்க.

நம்மது கிழக்குக் கடற்கரை, இதை மறந்துதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. காலையில் கடலைப் பார்த்து நின்னா ஆலா, கடற்காகம் மாதிரி கடற்பறவைகள் கறுப்பு நிழலாத்தான் விழும். முட்டுக்காட்டில் உப்பங்கழி ஈ.சி.ஆருக்கு மேற்கே இருக்கு. அதனால காலையில் ரோட்டுப் பக்கக் கரையிலிருந்து மேற்கே பாருங்க. அந்த மாசத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆக முகம் ஓரளவு உங்க பக்கம், வெளிச்சமும் அது மேல. மணி ஏறினா கேளம்பாக்கம்–கோவளம் சாலைக்குப் போய் வடக்கே எடுங்க, குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ஞ்சிருக்கும். முட்டுக்காடு பாலத்து மேல மட்டும் வண்டியை நிறுத்தாதீங்க.

கடல் மேல பறக்கிற ஆலாவுக்கு மாலை 4 மணிக்கு மேல கடற்கரை.

பதில் 3
ஏ.சி. காரிலிருந்து லென்ஸை எடுத்த உடனே கண்ணாடி மூடுபனியாகும். துடைச்சா திரும்பவும் படியும். டிக்கியில் பையை மூடி வையுங்க, கடைசி அரை மணி நேரம் ஏ.சி.யை அணைச்சிட்டு ஜன்னலைத் திறந்து ஓட்டுங்க.

அலைக்கு 1/2லிருந்து 1 வினாடி, அலை பின்வாங்கும்போது அழுத்தணும். முக்காலிக் காலடியில் அலை மணலை அரிக்கும், முதல் ரெண்டு அலையில் அது அமிழும். அழுத்திப் புதைச்சு, ரெண்டு அலை போன பிறகு சட்டகம் போடுங்க. கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள்ள முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேணும்.

கேட்டவர்
நன்றி, முட்டுக்காட்டைப் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமைக்கு மாத்திட்டேன். இன்னொரு சந்தேகம்: ஆலாவோட வெள்ளை வெளுத்து இறகே தெரியல.

பதில் 1
தண்ணி இருட்டு, அதனால கேமராவோட ஒளிமீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிடுது. மேனுவலுக்கு (அளவை நாமே வைக்கிற முறைக்கு) போங்க. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/3200. பின்னணி வானமோ தண்ணியோ, வெயில் மாறாத வரை அதைத் தொடாதீங்க. சூரியன் தாழ்வா இருக்கும்போது 1/1600ல ஆரம்பிச்சு, ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டுற வெளிச்ச வரைபடம்) வலது விளிம்பை முட்டாம பார்த்துக்கோங்க.

பதில் 3
திரும்பினதும் முன்கண்ணாடியை உலர்ந்த துணியால தேய்க்காதீங்க, உப்புத்துகள் கீறிடும். முதல்ல புளோயர், அப்புறம் நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர், கடைசியா உலர் துணி. முக்காலிக் கால்களை முழுசா நீட்டி அன்னைக்கே குழாயடியில் கழுவிடுங்க.