புதுப்பிப்பு: கடலில் விழுந்த ஊர்கள் கரையேறிவிட்டன

ஜப்பானிய வட்டார வழக்குகளை க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற நிலப்பட மென்பொருளில் வரைந்தால் பசிபிக் கரையோர ஊர்கள் சில கடலுக்குள் விழுகின்றன, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் சிக்கியது. என் கோப்பில் இருந்தவை ஜப்பானில் 2002-க்கு முன் புழங்கிய 'டோக்கியோ' முறை ஆள்கூறுகள் (இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). அவற்றை அப்படியே இன்றைய உலகப் பொது முறை ஆள்கூறாக எடுத்துக்கொண்டால் புள்ளிகள் 400 மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளிப்போகும். ஆள்கூறு முறையை மாற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், ஆள் 'இருப்பதை'ச் சொல்லும் ஜப்பானிய வினை எந்த ஊரில் எப்படி வருகிறது என்று வரைபடத்தில் நிறம் கொடுத்தேன். கிழக்கே 'இரு', மேற்கே 'ஒரு'. (நம் 'இரு'வைப் பார்த்து உடனே உறவு கொண்டாட வேண்டாம்!) மேற்கே உள்ள வகயாமா மாநிலத்தில் மட்டும் சில புள்ளிகளில் 'அரு'. அது பொருள்களுக்கு வரும் சொல்லாயிற்றே, தட்டச்சுப் பிழை என்று அழிக்கப் போனேன். நல்லவேளை, அழிக்கவில்லை. அந்தப் பக்கம் ஆளுக்கும் 'அரு'தான்.