எலியின் நரம்பு வேகம் அளந்தவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பார்மகாலஜி ஆசிரியை, மதுரை:

எம்.பார்ம். பிள்ளைகள் நிறையப் பேர் சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பை ப்ராஜெக்டாக எடுக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

போன வருடம் வேறு ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தி தன் டேட்டாவோடு வந்தாள். விஸ்டார் எலிகள். ஒன்றும் போடாத கண்ட்ரோல் ஒரு குழு, ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டுச் சர்க்கரை ஏற்றியது ஒரு குழு, சர்க்கரை ஏற்றி மூலிகைச் சாறு கொடுத்தது இன்னொரு குழு. சாறு குடித்த எலிகளில், இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பின் வேகம், அதாவது அதில் தூண்டல் பாயும் வேகம், கண்ட்ரோலையும் தாண்டியிருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. நல்ல மருந்து என்றால் கண்ட்ரோலை எட்டிப் பிடிக்கலாம், அதைத் தாண்டிப் போக வழியில்லை.

"எலியின் உடம்புச் சூடு எவ்வளவு இருந்தது?" என்று கேட்டேன். குறிக்கவில்லை என்றாள். துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. கண்ட்ரோல் எலிகளை முதலில் அளந்திருக்கிறார்கள், ஏ.சி. ஓடும் அறையில், வெறும் ஸ்டீல் மேஜைமேல். அப்புறம்தான் யாரோ ஹீட்டிங் பேட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சாறு குழு முழுக்க அதன்மேல் படுத்திருந்தது.

கெட்டமைன், சைலசின் போட்டு மயங்கின எலிக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. சின்ன உடம்பு, சீக்கிரம் ஆறிப்போகும். மேலே துணிகூடப் போடாமல் விட்டால் அரை மணி நேரத்தில் 3, 4 டிகிரி இறங்கிவிடும். மனித நரம்பிலேயே ஒரு டிகிரி குறைந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் குறையும் என்பது நரம்பியல்காரர்களின் கணக்கு. சர்க்கரையால் எலிக்கு வரும் குறைவே பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான். அப்படியென்றால் அந்த டேட்டாவில் தெரிந்தது சாறா, ஹீட்டிங் பேடா?

தூரமும் அப்படித்தான். இடுப்புப் பக்கம் ஒரு இடத்திலும் கணுக்காலில் ஒரு இடத்திலும் தூண்டுகிறோம், பாதத் தசையில் பதிவு எடுக்கிறோம். தூண்டியதிலிருந்து தசை அசையும்வரை ஆகும் நேரம்தான் லேட்டன்சி. இரண்டு லேட்டன்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் இரண்டு இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை வகுத்தால் வேகம். 35 மில்லிமீட்டர், 0.7 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 50 மீட்டர். ஸ்கேல் 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதே எலி கிட்டத்தட்ட 53 காட்டும். காலை ஒரே மாதிரி நீட்டி டேப் ஒட்டிவிட்டு அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வயதையும் மறக்காதீர்கள். இளம் எலிக்கு வளர வளர நரம்பு வேகமும் ஏறும். சர்க்கரை வந்த எலி வளராமல் நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்துத் தெரியும் வித்தியாசத்தில் நரம்பு கெட்டது எவ்வளவு, வளராமல் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆரம்பத்திலேயே ஒரு அளவு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் ஐ.ஏ.இ.சி. (கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு) அனுமதி மறுபடி வாங்கி, எலிகளைக் குழு மாற்றி மாற்றிக் கலந்து அளந்தாள். சாறு குழு கண்ட்ரோலுக்குக் கீழே வந்தது, ஆனாலும் சர்க்கரைக் குழுவுக்கு மேலே நின்றது. என்னைக் கேட்டால் அந்தச் சின்ன வித்தியாசம்தான் மதிக்க வேண்டிய ரிசல்ட்.

பிஎச்.டி. மாணவி, சென்னை:

மேடம், நான் எலக்ட்ரோடு பக்கம் போகவில்லை. வான் ஃப்ரே இழைதான் என் வேலை. கம்பி வலைமேல் எலியை விட்டு, அடியிலிருந்து பாதத்தில் நைலான் இழையை வளையும்வரை அழுத்த வேண்டும். எந்த இழைக்கு எலி காலை வெடுக்கென்று இழுக்கிறது என்று பார்ப்போம். எழுதினால் இரண்டு வரி, செய்து பார்த்தால் இடுப்பு ஒடியும்.

வலைமேல் விட்டவுடன் எலி மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். அப்போது அழுத்தினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அது நின்று, மீசையைத் துடைத்து, உடம்பை நக்கி, ஒரு மூலையில் அடங்கிய பிறகுதான் தொட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம்கூட ஆகும். சர்க்கரை எலி என்றால் சிறுநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஈரப் பாதத்தில் இழை வழுக்கும். கூண்டில் உமியை நாளுக்கு ஒருமுறையாவது மாற்றாவிட்டால் பாதம் புண்ணாகி, நோயால் வந்த வலியா புண்ணால் வந்த வலியா என்றே தெரியாது. எங்கள் அனிமல் ஹவுஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உமி மாற்றுவார். என் தீசிஸில் பாதி அவருடையது என்று நான் மனசாரச் சொல்வேன்.

இன்னொன்று, கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-இல் காட்டியது: ஆண்கள் பக்கத்தில் இருந்தால், அவர்கள் போட்டுக் கழற்றிய டி-சர்ட் இருந்தால்கூட, எலிகள் பதற்றத்தில் வலியைக் குறைவாகக் காட்டும். அதைப் படித்ததிலிருந்து ஒரு குழுவை நானும் இன்னொரு குழுவை லேப் தம்பியும் அளப்பது என்பதை விட்டுவிட்டோம். எல்லாக் குழுவுக்கும் ஒரே ஆள்தான்.

ஓய்வு பெற்ற பிசியாலஜி பேராசிரியர், திருச்சி:

அம்மா, நீங்கள் சொல்லும் அதே கணக்கைத்தான் நாங்கள் தவளையில் போட்டோம். சியாட்டிக் நரம்போடு கெண்டைக்கால் தசையை எடுத்து ரிங்கர் என்ற உப்புக் கரைசலில் நனைத்து வைப்போம். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கருக்கிய தாளைச் சுற்றிய கைமோகிராஃப் உருளை சுற்றும். நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறை, முதுகெலும்புப் பக்கம் ஒருமுறை தூண்டுவோம். தசை சுருங்கும்போது தாளில் கோடு விழும். இரண்டு கோடும் எங்கே எழும்புகிறது என்று, நேரம் காட்டும் ட்யூனிங் ஃபோர்க் அலையை வைத்து எண்ணுவோம்.

1850-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கோனிக்ஸ்பெர்க்கில் செய்ததும் இதே உபாயம்தான். நரம்பு வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய குரு முல்லர் நினைத்திருந்தார். சீடர் தவளையில் அளந்து, விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என்றார். குளிர்ந்த நரம்பு மெதுவாகப் போகும் என்பதையும் அவரே கண்டார். ஐஸ் போட்ட ரிங்கரை ஊற்றி மாணவர்களுக்கு அதைக் காட்டியிருக்கிறேன், கோடு தள்ளிப்போய் எழும்பும், இறங்கவும் நேரமெடுக்கும்.

இப்போது இளநிலைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில். புதுச்சேரி ஜிப்மரில் செய்த மென்பொருளே இருக்கிறது. கோடு எப்படி வரும் என்று கற்க ஒரு தவளை சாக வேண்டியதில்லை, அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் மட்டும் விலங்கைத் தொடட்டும். தொடுகிறவர்கள் மதுரை அம்மா சொன்ன கவனத்தோடு தொடட்டும்.

நச்சியல் ஆய்வாளர்:

கோழியை யாரும் சொல்லவில்லையே. பூச்சிமருந்துகளிலும் வேறு ரசாயனங்களிலும் வரும் ஆர்கனோபாஸ்பரஸ் சேர்மங்களில் சில உடனே கொல்லாமல், வாரங்கள் கழித்துக் காலை முடக்கும். 1930-இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாற்று மருந்திலும் 1988-இல் கொல்கத்தா பெஹாலாவில் சமையல் எண்ணெயிலும் கலந்த டிரைகிரசில் பாஸ்பேட் என்ற இதே வகைச் சேர்மத்தால் எத்தனையோ பேர் நடை இழந்தார்கள். இந்தப் பாதிப்பை எலி சரியாகக் காட்டாது, வளர்ந்த முட்டைக்கோழி காட்டும். அதனால் சோதனை விதியே கோழிக்குத்தான்: ஒரு வேளை மருந்து, 21 நாள் கவனிப்பு. வாரம் இரண்டு முறையாவது கூண்டுக்கு வெளியே விட்டுச் சின்ன ஏணியில் ஏறவைப்போம். தரையில் ஒழுங்காக நடக்கும் கோழி ஏணியில் ஒரு படியைத் தவறவிடும், பாதிப்பு முதலில் அங்கேதான் தெரியும். கூடவே மூளையிலும் தண்டுவடத்திலும் என்சைம் அளவு பார்ப்போம்.

எம்.பார்ம். மாணவன், சேலம்:

மேடம், எங்கள் லேபில் ஹீட்டிங் பேட் இல்லை. டேபிள் லாம்ப் போதுமா?

பார்மகாலஜி ஆசிரியை, மதுரை:

போதும் தம்பி, ஆனால் லாம்ப் தூரத்தை மாற்றாதே. ஆசனவாய்த் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 37 டிகிரி வந்து நிலைத்த பிறகு தூண்டு. கால் உடம்பைவிடச் சீக்கிரம் ஆறும், அதனால் காலையும் பஞ்சு சுற்றி மூடு, பதிவு எடுக்கும் இடம் மட்டும் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு எலிக்கும் சூட்டை நோட்டில் வேகத்துக்குப் பக்கத்திலேயே எழுது. வைவாவில் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு.