முன்னிற்குஞ் சுரப்பிப் (புரோஸ்டேட்) புற்றுநோய்: குடும்பவழி இடர்நேர்வுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கிளிநொச்சி:
குழுமத்தாருக்கு வணக்கம். கிளினிக்குக்கு வருவோரிடம் கொடுக்கவேண்டிய துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்னும் பரம்பரையலகில் (மரபணுவில்) விகாரம், அதாவது பிறழ்வு, உள்ள ஆண்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. என்னும் குருதிப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும் என்பது ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டல். அவ்விகாரம் தாயிடமிருந்தும் வரலாம் என்பதால், தாயின் பக்கத்தில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ இருந்ததா என்றும் கேட்கவேண்டியுள்ளது. "பரம்பரை இடர்நேர்வு" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த முதியவர் ஒருவர், தங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லை என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். தாயின் சகோதரிகளை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தமிழாசிரியர், வவுனியா:
யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சொல் இருக்கையில் வெளியே தேடுவானேன்? முது, சொம் சேர்ந்து முதுசொம், வழக்கில் முதுசம்: முன்னோர்வழி வந்த சொத்து. பெற்றோரிடமிருந்து வந்த விகாரம் முதுச விகாரம். கட்டியில் மட்டும் பின்னர் தோன்றியது, ஒருவர் தாமே ஈட்டிய சொத்தான தேடியதேட்டம் போல, தேட்ட விகாரம். முற்றிய நோய்க்கு 2020 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒலாபரிப் மருந்து இரு வகைக்கும் உதவக்கூடும். ஆனால் பிள்ளைகளையும் சோதிக்கவேண்டியது முதல் வகைக்கே. "விகாரம்" அருவருப்பாக ஒலிக்கிறது என்போருக்கும் ஒரு விளக்கம்: நன்னூலார் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றுந்தாம் பரம்பரையலகின் எழுத்துகளிலும் நிகழ்கின்றன.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர், முல்லைத்தீவு:
ஐயா, நன்னூலை விட்டுவிடுகிறேன், தேசவழமையை விடமுடியாது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்நூலின்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் போயின. நாம் அகற்ற முனையும் எண்ணமே அதுதான். இவ்விகாரமோ ஆண், பெண் பாராமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்குகிறது. மேலும், முதுசம் என்றால் இங்கே எவரும் காணி உறுதியைத்தான் எடுத்துவருவார். "குருதிவழி இடர்நேர்வு" என்பதே தூய தமிழ்.

தாதிய உத்தியோகத்தர், மாங்குளம்:
தூய்மை இருக்கட்டும். குருதிவழி என்றால் நோய் இரத்தத்தால் தொற்றும் என்று பயந்து, வீட்டில் தட்டையும் கோப்பையையும் வேறாக்கிவிடுவார்கள். வன்னிக்கென்று வேறொரு சிக்கலும் உண்டு: போரில் முப்பது, நாற்பது வயதிலேயே தகப்பனை இழந்தவர் "அப்பாவுக்கு இல்லை" என்று எழுதுவது சான்றாகாது, ஏனெனில் இந்நோய் பெரும்பாலும் வெளிப்படும் வயதை அந்தத் தகப்பன் எட்டவேயில்லை. ஆகவே பெரியப்பா, சித்தப்பா, மாமி, தாய்மாமன், பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா என்று முறைப்பெயர்களையே படிவத்தில் வரிசையாக எழுதுங்கள். தலைப்புக்குத் "தாய்வழி, தந்தைவழி இடர்நேர்வு" போதும்.

மொழிபெயர்ப்பாளர், கிளிநொச்சி:
வேறு இருவரும் தனிமடலில் இதையே ஆதரித்துள்ளதால், தாதியார் சொன்னபடியே அச்சுக்குக் கொடுக்கிறேன். முறைப்பெயர்களுக்காக ஒரு பக்கம் கூட்டியுள்ளேன்.

தமிழாசிரியர், வவுனியா:
அது கலைச்சொல் அன்று, விளக்கம். இணைத்தால் வினையாகாது, பெயரடையாகாது. முதுசத்தைத் தள்ளினாலும் தேட்ட விகாரத்தைத் தள்ள எவரும் காரணம் கூறவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.