காளான் பொடி வேலை செய்யுமா, சாறுதான் வேணுமா?

கொங்குக்காளான்:
மருந்துக் காளான் பத்தி ஒரு காணொளி சுத்திக்கிட்டு இருக்கு. "ரெய்ஷியோ லயன்ஸ் மேனோ, காயவெச்சுப் பொடிச்சு ஒரு ஸ்பூன் பால்ல கலந்து குடிங்க, போதும். கொதிக்க வெச்சு சாறு எடுக்கிறதெல்லாம் விலையை ஏத்துற தந்திரம்"னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. காளானோட செல்சுவர்ல இருக்கிறது சிட்டின். நண்டு ஓட்டுல இருக்கிற அதே சரக்கு. நாம தேடுற நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் அதோட பின்னிக் கிடக்குது. வெந்நீர்ல மணிக்கணக்கா கொதிக்காம அது பிரிஞ்சு வராது. பச்சைப் பொடி போன மாதிரியே வெளியே வந்துரும். காசு கொடுத்து மரத்தூள் வாங்கித் தின்னாதீங்க.

செல்விமருந்தகம்:
மரத்தூளா? 2009ல ஜப்பான்ல லயன்ஸ் மேன் ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. லேசான மறதி இருக்கிற 50லிருந்து 80 வயசுக்காரங்க. 250 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு நாலு, தினம் மூணு வேளை, 16 வாரம். மாத்திரைக்குள்ள இருந்தது 96 சதவீதம் உலர்ந்த காளான் பொடி. சாறு இல்ல, பொடி. சாப்பிட்டவங்களுக்கு மறதிச் சோதனையில மதிப்பெண் ஏறுச்சு, நிறுத்தின நாலு வாரத்துல இறங்குச்சு. மரத்தூள் எப்படிங்க ஏத்தி இறக்கும்?

கொங்குக்காளான்:
மொத்தம் 30 பேர் மேடம். 30 பேரை வெச்சு ஊருக்கே தீர்ப்பு எழுதுறீங்க. சிட்டின் பத்திக் கேட்டேன், அதுக்குப் பதில் காணோம்.

செல்விமருந்தகம்:
நம்ம இரைப்பையிலயும் சிட்டினை உடைக்கிற நொதி இருக்கு. பதில் போதுமா? இப்ப நீங்க சொல்லுங்க. 16 வாரம், பொடி. எப்படி?

கொங்குக்காளான்:
பேருக்கு இருக்கிற நொதி. அதை நம்பி யாரும் நண்டு ஓட்டை மென்னு முழுங்குறதில்ல.

ஈப்போமணி:
பொடி, சாறுன்னு ஏன் இவ்வளவு சண்டை? நான் எடுக்கிற புட்டியில பத்துக்கு ஒண்ணு சாறு (பத்துப் பங்கு காளானுக்கு ஒரு பங்கு), 40 சதவீதம் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலின்னு அச்சடிச்சிருக்கு. வீட்ல எல்லாரும் எடுக்கிறோம், உடம்பு நல்லாத்தான் இருக்கு.

கொங்குக்காளான்:
அண்ணே, ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதான். சாறைத் தூளாக்கும்போது சேர்க்கிற மால்டோடெக்ஸ்ட்ரினும் அந்தக் கணக்குலதான் வரும். பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம்னு தனியா போட்டிருக்கா? போடாத புட்டி எனக்குக் காலி புட்டிதான். 2017ல அமெரிக்காவில விற்கிற ரெய்ஷி மாத்திரை 19 வகையைச் சோதிச்சாங்க. லேபிள்ல சொன்னதோட ஒத்துப் போனது 5.

அப்புறம் இன்னொரு கூத்து. அங்க பல கம்பெனி காளானையே வளர்க்கிறதில்ல. அரிசி, ஓட்ஸ் மேல மைசீலியத்தை, அதாவது காளானோட வேர் மாதிரி இருக்கிற வெள்ளை நூலை, ஓடவிட்டு, தானியத்தோட சேர்த்து அரைச்சுக் காளான் மாத்திரைன்னு விற்கிறாங்க. நம்ம ஊர்ல காளான் போடுறவங்களுக்கு இது என்னன்னு தெரியும். சோளத்துல ஓடவிட்டா அதுக்குப் பேரு வித்து. பெட் போடத்தான் வாங்குவோம், யாராவது வித்தைத் தின்போமா? அந்த மாத்திரையில அயோடின் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, தானிய ஸ்டார்ச்சால கருநீலமா மாறிடும். மைசீலியம்னு லேபிள்ல பார்த்தாலே ஓடிருங்க. குப்பை.

செல்விமருந்தகம்:
எல்லா மைசீலியமும் குப்பையா? டர்க்கி டெயில் காளான்ல இருந்து எடுத்த கிரெஸ்டின்ங்கிற மருந்து எதுல இருந்து வந்துச்சு? மைசீலியம். 1977ல ஜப்பான் அதைப் புற்றுநோய் சிகிச்சையில துணை மருந்தா ஏத்துக்கிச்சு, வாய்வழியா கொடுத்தாங்க. லயன்ஸ் மேன்ல எரினாசின்ங்கிற சத்து இருக்கிறதும் மைசீலியத்துலதான். படிச்சுட்டு எழுதுங்க.

கொங்குக்காளான்:
ஆஹா, நீங்களே எனக்கு சாட்சி சொல்லிட்டீங்க! கிரெஸ்டின் தொட்டியில வளர்த்த மைசீலியம், தானியம் கிடையாது. அதை எப்படி எடுத்தாங்க? வெந்நீர்ல. வெ ந் நீ ர் ல. நான் முதல் பதிவுல இருந்து கத்துறது அதேதான்.

செல்விமருந்தகம்:
அதே பதிவுல பொடி மரத்தூள்னும் கத்துனீங்க. 16 வாரம்.

தஞ்சைத்தோப்பு:
ரெண்டு பேரும் இந்த ரெய்ஷி வகையறா கானோடெர்மாவைத் தூக்கி வெச்சு ஆடுறீங்க. எங்க தென்னந்தோப்புல அது வந்தா மரம் போச்சு. அடிமரத்துல செம்பழுப்பா நீர் வடியும், மட்டை தொங்கும், கடைசியில அடியில காளான் எட்டிப் பார்க்கும். தஞ்சாவூர் வாடல்னே பேரு. வருஷம் மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு மல்லுக்கட்டுறோம். அதைக் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு ஒருத்தர், பொடிச்சுத் தின்னுங்கன்னு ஒருத்தர்.

கொங்குக்காளான்:
உங்க தோப்புல முளைக்கிறதை யாரும் திங்கச் சொல்லல. கானோடெர்மாவில பல இனம் இருக்கு. வாடல் பத்தி எழுதணும்னா தனி இழை திறங்க.

தஞ்சைத்தோப்பு:
இது உங்க அப்பன் வீட்டு இழையா?

வேலூர்ராணி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. பக்கத்து வீட்ல ரெய்ஷி கொடுக்கச் சொல்றாங்க. பொடி நல்லதா, சாறா?

செல்விமருந்தகம்:
ரெண்டும் வேண்டாம்மா. ரெய்ஷி ரத்தக்கசிவைக் கூட்ட வாய்ப்பிருக்கு. மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட கேட்காம கொடுக்காதீங்க.

கொங்குக்காளான்:
பார்த்தீங்களா, சாறு வேலை செய்யும்னு மேடமே பயப்படுறாங்க. பொடியா இருந்தா பயமே தேவையில்ல.

செல்விமருந்தகம்:
ஒரு அம்மாவோட உயிர் விஷயத்துல உங்களுக்குப் பாயிண்ட் எடுக்கணுமா? கேவலமா இருக்கு. நான் எழுதினது பொடிக்கும் சேர்த்துத்தான்.

ஈப்போமணி:
வெந்நீர் வெந்நீர்ங்கிறீங்களே தம்பி, ரெய்ஷியோட கசப்புக்குக் காரணமான டிரைடெர்பீன் தண்ணியில சரியா இறங்காது, ஆல்கஹால் வேணும்னு சொல்றாங்களே. அப்ப உங்க வெந்நீர் சாறும் அரைகுறைதானே?

கொங்குக்காளான்:
ரெய்ஷிக்கு ரெண்டுலயும் எடுக்கணும், முதல்ல தண்ணி, அப்புறம் ஆல்கஹால். இது தெரியாதவன் மாதிரி என்கிட்ட கேட்காதீங்க. நான் பேசினது பீட்டா குளுக்கான். கசப்பே இல்லாத ரெய்ஷி மாத்திரையைப் பிரிச்சு நாக்குல வெச்சுப் பாருங்க, உங்க புட்டியோட லட்சணம் தெரிஞ்சிடும்.

செல்விமருந்தகம்:
வெந்நீர்ல கரையாத பீட்டா குளுக்கானும் நிறைய இருக்கே? வடிகட்டினதும் அது சக்கையோட குப்பைக்குப் போகுது. அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கிறீங்க.

கொங்குக்காளான்:
சக்கை சக்கைதான். கரையாதது எனக்கு வேண்டாம்.

செல்விமருந்தகம்:
முருங்கைப் பொடி இழையிலயும் இப்படித்தான். கீரையை நிழல்ல காயவைக்கணும்னு நான் எழுதினதுக்கு, வெயில்ல காய்ஞ்சாத்தான் சத்துன்னு மூணு பக்கம் சண்டை போட்டீங்க. வெயில் காளானுக்கு நல்லது, வைட்டமின் டி கூடும். கீரைக்கு அதே வெயில் சத்தைத் தின்னுடும். அப்பவும் ஒத்துக்கல.

கொங்குக்காளான்:
முருங்கை இழையில நான் சொன்னது காலை வெயில். உச்சி வெயில்னு மாத்தி எழுதினது நீங்க. ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு. அங்க வாங்க, போடுறேன்.