வண்ணத்தை நம்பிக் கபூஸைத் தேடலாமா?

மேற்குமலை: அமெரிக்காவில் பூங்காக்களிலும் தீயணைப்பு நிலைய வாசல்களிலும் நிற்கும் பழைய கபூஸ்களை, அதாவது சரக்கு ரயிலின் கடைசியில் போன கார்டு வண்டிகளை, தேடிப் பட்டியலிடுகிறேன். இதுவரை 43. எந்த ரயில் கம்பெனியுடையது என்று அறிவது எளிது. வண்ணத்தைப் பார்த்தால் போதும். மஞ்சள் யூனியன் பசிபிக், ஆரஞ்சு மில்வாக்கி ரோடு, நீலம் கான்ரெயில். நேற்று பென்சில்வேனியாவில் 'ரீடிங்' என்று எழுதிய சிவப்பு வண்டி கிடைத்தது.

கடைசிப்பெட்டி: வண்ணத்தைப் பார்த்தால் போதுமா? படித்ததும் காப்பியே கசந்துவிட்டது. கபூஸ் இல்லாமலே சரக்கு ரயிலை ஓட்டலாம் என்று 1982-இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபிறகு கபூஸ்களைக் கழற்றி விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் தங்களுக்குப் பிடித்த சாயத்தை அடித்தார்கள். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே கபூஸ்களையே அறைகளாக்கிய விடுதி இருக்கிறது. ஒப்பந்தத்துக்கும் முன்பே, 1969-இல், அவர்கள் ஏலத்தில் எடுத்த 19 வண்டிகளும் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்குச் சொந்தமாயிருந்தவை. அங்கே போய் வண்ணத்தைப் பார்த்து எழுதினால் நாலைந்து கம்பெனிப் பெயர்களை எழுதிக்கொண்டு திரும்புவீர்கள். ரீடிங் கம்பெனி 1924-இல் கொண்டுவந்த 'நார்த்ஈஸ்டர்ன்' வடிவத்தை ஜெர்சி சென்ட்ரல், லீஹை வேலி, வெஸ்டர்ன் மேரிலாண்டு கம்பெனிகள் எல்லாமே ஓட்டின. வண்டி யாருடையது என்று அடிச்சட்டம்தான் சொல்லும்; அதைக் குனிந்து பார்த்தீர்களா?

மேற்குமலை: எழுத்து தெளிவாக இருக்கிறது. நேரில் பார்த்தவன் நான்; நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் நீங்கள்.

கடைசிப்பெட்டி: எழுத்தும் சாயம்தான் ஐயா! மொன்டானாவின் எசெக்ஸில் கிரேட் நார்தர்ன் கபூஸுக்குள் பனியில் இரவு தங்கியவனிடம் நாற்காலிக் கதை வேண்டாம். மில்வாக்கி ரோடு வண்டிக்கு நீங்கள் பச்சை அடித்தாலும் பக்கத் தகட்டில் ஓடும் கிடைமட்ட விலாக்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடிச்சட்டத்தைப் பார்த்தீர்களா, இல்லையா?

பச்சைக்கொடி: முதலில் 'கார்டு வண்டி' என்று எழுதாதீர்கள். என் அப்பா தென்னக ரயில்வேயில் 31 ஆண்டுகள் கார்டு. அவர் வண்டியில் ஒரு கட்டை இருக்கையும் கைவிளக்கும்தான். கபூஸில் கண்டக்டரும் (ரயிலின் பொறுப்பாளர்) பிரேக்மேனும் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், படுத்தார்கள். கூரை மாடத்தில் ஏறி, சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டி சூடேறிப் புகைகிறதா என்று கவனித்தார்கள். இரண்டும் ஒன்றா?

மேற்குமலை: தமிழில் படிப்பவருக்குப் புரிய வேண்டாமா? உங்கள் அப்பாவை நான் குறைத்துப் பேசவில்லை.

பச்சைக்கொடி: பேசியதாகத்தான் எனக்குப் பட்டது.

தண்டவாளம்: அடிச்சட்டம் பற்றிப் பாடம் எடுக்கும் கடைசிப்பெட்டியிடம் ஒரு கேள்வி. போன ஆண்டு நான் கண்டுபிடித்த பண்ணைக் கபூஸின் இடத்தை என்னைக் கேட்காமல் பொதுவில் போட்டீர்கள். ஒரே மாதத்தில் அதன் வால்விளக்கு திருட்டுப் போனது. பண்ணைக்காரர் வாசலைப் பூட்டிவிட்டார். இனி என்னாலும் உள்ளே போக முடியாது.

கடைசிப்பெட்டி: அந்த வண்டி சாலையிலிருந்தே தெரிகிறது என்று அப்போதே சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். சிவப்பு வண்டியின் அடிச்சட்டத்தை அவர் பார்க்கவில்லை.

மேற்குமலை: 'ரீடிங்' என்றே இருக்கும். நீக்கமாட்டேன்.

கடைசிப்பெட்டி: சனிக்கிழமை டார்ச்சோடு நானே போகிறேன். அடியில் படுத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.

தண்டவாளம்: போடுங்கள். இந்த முறையாவது இடத்தை எழுதாதீர்கள்.