11 கிலோவோல்ட் கேபிளில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகும் எர்த் எதற்கு?

கேள்வி (பயிற்சி உதவியாளர், பாயான் லெப்பாஸ்):
வணக்கம். பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் துணை மின்நிலையத்தில் சார்ஜ்மேனுக்கு (மின்பணிக்குப் பொறுப்பான தகுதி பெற்றவர்) உதவியாளராக இருக்கிறேன். அடுத்த பராமரிப்பின்போது டிரான்ஸ்பார்மருக்குச் செல்லும் 11 கிலோவோல்ட் கேபிளின் முனையைத் திறக்க இருக்கிறோம். பிரேக்கரை அணைத்து, வெளியே இழுத்து, பூட்டி, மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகும், எர்த் போடாமல் (கேபிளைத் தரையோடு இணைக்காமல்) யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார் எங்கள் சார்ஜ்மேன். அதை மீறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பிரேக்கரே வெளியே இருக்கும்போது எர்த் எதிலிருந்து நம்மைக் காக்கிறது?

பதில் 1 (சார்ஜ்மேன், பட்டர்வொர்த்):
தம்பி, நீங்கள் கேபிளின் ஒரு முனையை மட்டும் பார்க்கிறீர்கள். மறுமுனையில் உள்ள டிரான்ஸ்பார்மர் இரு திசையிலும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை 400 ஆகக் குறைப்பது போலவே, கீழ்ப்பக்கத்தில் 400 வோல்ட் ஏறினால் மேல்பக்கத்தில் 11,000 வோல்ட்டைத் தரும். தொழிற்சாலையின் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கும் நேரத்தில் மாற்று ஸ்விட்ச்சின் இன்டர்லாக் (இரு பக்க மின்சாரமும் ஒன்றாக இணையாமல் தடுக்கும் பூட்டு) பழுதாகியிருந்தாலோ, யாரேனும் அதைத் தாண்டி வயர் இணைத்திருந்தாலோ, நீங்கள் தொட்டிருக்கும் கேபிளில் அந்த மின்னழுத்தம் வந்துவிடும். சோதனைக் கருவி காட்டுவது சோதித்த கணத்தின் நிலையை மட்டுமே. மூன்று ஃபேஸும் ஒன்றாக இணைந்து எர்த்தில் இருந்தால், பின்னர் எங்கிருந்து மின்சாரம் வந்தாலும் அங்கே அழுத்தம் பெரிதாக உயர முடியாது; வந்த பக்கத்தின் பாதுகாப்பு ரிலே அதைத் துண்டிக்கும். ஆகவே குறைந்த அழுத்தப் பக்கத்து பிரேக்கரும் ஜெனரேட்டரும் பூட்டப்பட்டிருப்பதாக வேலை பெர்மிட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது.

பதில் 2 (கேபிள் சோதனைப் பணி, கோலாலம்பூர்):
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. கேபிளே ஒரு கெப்பாசிட்டர்தான், அதாவது சார்ஜைச் சேமித்து வைக்கும். மெகர் (இன்சுலேஷன் சோதனைக் கருவி) கொண்டு 5,000 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதித்து முடித்ததும் கேபிளில் சார்ஜ் நிற்கும். எர்த்தை ஒருமுறை மட்டும் தொடவைத்து டிஸ்சார்ஜ் செய்து எர்த்தை எடுத்துவிட்டால், இன்சுலேஷனுக்குள் தங்கியிருந்த சார்ஜ் மெல்ல வெளியேறி, அழுத்தம் மீண்டும் ஏறும். நீண்ட கேபிளில் இது ஆபத்தானது. எனவே எர்த்தைப் போட்டே வைத்திருங்கள். அதே பள்ளத்தில் பக்கத்தில் ஓடும் வேறு கேபிள்களிலிருந்து தூண்டப்படும் அழுத்தத்துக்கும் இதுவே தீர்வு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, இருவருக்கும். ஸ்விட்ச்கியரின் (பிரேக்கர் இருக்கும் பெட்டியின்) முன்பக்க நியான் விளக்கு அணைந்திருப்பதைச் சோதனையாகக் கொள்ளலாமா?

பதில் 1:
கூடாது. விளக்கு பழுதானாலும் அணைந்தே இருக்கும். சோதனைக் கருவியையும் முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் அல்லது அதற்கான சரிபார்ப்புக் கருவியில் பார்த்து, பிறகு கேபிளைச் சோதித்து, மீண்டும் ஒருமுறை கருவியைச் சரிபாருங்கள். நடுவில் அது செயலிழந்திருக்கலாம். கையால் பொருத்தும் எர்த் என்றால் எர்த் பக்கத்துக் கிளாம்பை முதலில் இறுக்கி, அதன் பின்னரே இன்சுலேட்டட் கம்பால் ஃபேஸ் பக்கத்தைப் பொருத்துங்கள். எடுக்கும்போது ஃபேஸ் பக்கம் முதலில், எர்த் பக்கம் கடைசியில். ஸ்விட்ச்கியரிலேயே எர்த் வசதி இருந்தால், அது கேபிளை எர்த் செய்கிறதா, பஸ்பாரை (பெட்டிக்குள் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான உலோகப் பட்டையை) எர்த் செய்கிறதா என்பதைச் சார்ஜ்மேனுடன் சேர்ந்து இணைப்பு வரைபடத்தில் பார்த்துவிட்டு இயக்குங்கள்.